நான் சாய்த்த புளியமரம்

இரண்டு ஊருக்குச் சொந்தக்காரனாக இருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. இரண்டிலும் உதவாக்கரை என்று பேர் வாங்கலாம். அப்பா மணலூர்பேட்டை, அம்மா வெள்ளிமலை. கீழே நான் 'மலைக்காரி மகன்', மேலே 'கீழ்நாட்டுப் பையன்'. எங்கே எது செல்லுபடியாகுமோ அதைச் சொல்லிக்கொள்வேன் (பதினெட்டு வயதில் இதைச் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன்).

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம். சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள், பஸ் கிடையாது. மறுநாள் வெள்ளிமலையில் மாமா மகள் செல்விக்குக் கல்யாணம். கள்ளக்குறிச்சியில் எடுத்த முகூர்த்தப் புடவையோடு சைக்கிளில் கிளம்பினேன். மலையடிவாரத்துக்குச் சற்று முன்னால் ஒரு கூட்டம் மறித்தது.

"எந்த ஊரு தம்பி? இன்னாத்துக்கு இப்டிப் பறந்துக்கினு போற?"

மணலூர்பேட்டை என்றால் 'நம்ம புள்ள, வந்து குந்து' என்று போராட்டத்தில் உட்கார வைத்துவிடுவார்களே! "வெள்ளிமலைங்க. மலைக்காரன்."

மீசைக்காரத் தலைவரின் முகம் மலர்ந்தது. "மலைக்காரனா! காலையிலேர்ந்து இந்தப் புளியமரம் சாய மாட்டேங்குது. சாச்சிட்டுப் போய்க்கினே இரு."

கையில் கோடாலி வந்தது. அதுவரை நான் வெட்டியது நகம் மட்டும். ஆனாலும் மலையின் மானம் அல்லவா? பட்டையைத் தட்டிப் பார்த்தேன் (எதற்கென்று இன்றுவரை தெரியாது). மரம் ரோட்டுப் பக்கம் விழுவதற்காகக் கயிறு கட்டி இழுத்துப் பிடித்திருந்தார்கள்.

"மலையில கயிறெல்லாம் கட்ட மாட்டோங்க. அவுத்துடுங்க."

அவிழ்த்தார்கள். பயபக்தியோடு விலகி நின்றார்கள். பத்து வெட்டுக்குள் என் உள்ளங்கை கொப்பளித்தது, மரம் முனகியது, அப்புறம் ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வயல் பக்கம் சாய்ந்தது. அங்கேதான் போராட்டக்காரர்களின் மதியச் சாப்பாடு, ஓர் அண்டா தக்காளிச் சாதம், இருந்தது. அதை ஒட்டி நான் நிறுத்தியிருந்த சைக்கிள். கேரியரில் புடவை.

தலைவர் மெதுவாகக் கேட்டார்: "உண்மையச் சொல்லு. எந்த ஊர்டா நீ?"

"மணலூர்பேட்டைங்க."

கூட்டத்திலிருந்து ஒருவர் பாய்ந்து வந்தார். "நான்தாங்க மணலூர்பேட்டை! எங்க ஊர்ல இப்டி ஒரு புள்ளையே கெடையாது!"

அந்த நிமிடம் எனக்கு ஊரே இல்லை. கிளைகளை விலக்கிப் புடவைப் பையை எடுத்து என் மார்பில் திணித்தார்கள். "கெளம்புப்பா. இன்னும் செத்த நேரம் இருந்தா ஆளுங்க மேல சாச்சிடுவ."

நெளிந்த சைக்கிளைப் போட்டுவிட்டு நடந்தே மலையேறினேன். சிவப்புப் பட்டு என்பதால் கறை தெரியவில்லை. ஆனால் தக்காளிச் சாத வாசனை போகவில்லை. தாலி கட்டும்போது மாப்பிள்ளைக்கு நாக்கில் எச்சில் ஊறியதாம்.

போன மாதம் என் பேத்திக்குப் பிறந்தநாள். கேக் வெட்டக் கத்தியை எடுத்தேன். கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து செல்வியின் குரல் வந்தது:

"யாராச்சும் அந்தப் பிரியாணி அண்டாவ நவுத்துங்க!"