மாப்பிள்ளை தங்குவதற்கு ஏற்ற ரவுட்டர்

பனிமய மாதா துணை

தூத்துக்குடி,
13.6.2025

என்றும் மதிப்பிற்குரிய மாப்பிள்ளை திரு. ரெக்சன் அவர்கள் சமூகத்துக்கு, மாமனார் தஸ்நேவிஸ் மிராந்தா எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் அத்தை பிலோமியும் முட்டுவலி ஒன்றைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். அங்கே சென்னையில் நீங்களும் என் மகள் அனுஜாவும் அவள் வயிற்றில் வளரும் செல்வமும் சுகமாக இருக்கவும், தாங்கள் கம்ப்யூட்டரில் விளையாடுவதை ஊரார் உட்கார்ந்து பார்க்கும் அந்த லைவ் தொழில் மேன்மேலும் விருத்தியாகவும் மாதாவை மன்றாடுகிறோம்.

நிற்க. போனில் சொல்லக்கூடிய சங்கதியை மாமனார் ஏன் தபாலில் எழுதுகிறார் என்று தாங்கள் நினைக்கலாம். போன மாதம் நான் போன் செய்து என் மலச்சிக்கலைப் பற்றி விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, தாங்கள் "மாமா, லைவ்ல இருக்கேன்" என்று சொல்வதற்குள் மூவாயிரம் பேர் அதைக் கேட்டுவிட்டதாகவும், நாலைந்து பேர் வைத்தியம்கூட எழுதியிருந்ததாகவும் அனுஜா சொன்னாள். அதில் ஒரு வைத்தியம் பலித்தது என்பதையும் இவ்விடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். இருந்தாலும் குடும்ப விஷயத்தை இனிமேல் ஒட்டிய கவரில்தான் சொல்வது என்று முடிவு செய்துவிட்டேன்.

விஷயம் தாங்கள் அறிந்ததுதான். தலைப்பிரசவத்துக்கு ஏழாம் மாதமே மகளைக் கூட்டிவந்து பேறு பார்த்து அனுப்ப வேண்டும் என்று நாங்கள் கேட்டோம். "மூணு மாசம் அவளைப் பிரிஞ்சு இருக்க என்னால முடியாது மாமா, நானும் வந்து தங்குறேன், ஆனா அங்க நெட் சரியா இருக்கணும், லைவ் நின்னா பொழப்பு நின்னுரும்" என்று தாங்கள் சொன்னீர்கள். பெண்டாட்டியைப் பிரிய மாட்டேன் என்கிற மாப்பிள்ளை கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும், அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. அனுஜாவோ "அவரு வந்தாத்தான் நானும் வருவேன்" என்று அடித்துச் சொல்லிவிட்டாள். ஆக, என் மகள் என் வீட்டு வாசப்படி ஏறுவது ஒரு ரவுட்டர் கையில் இருக்கிறது என்று ஆகிப்போச்சு. அதிலிருந்து இரண்டு மாசமா நான் பட்ட பாட்டைத்தான் எழுதுதேன், கொஞ்சம் பொறுமையாப் படிங்க.

நெட் லைன் குடுத்தவங்க சும்மா குடுத்த ரவுட்டர் ஒண்ணு முன்னறையில இருக்கு, ரெண்டு கொம்பு உள்ளது. நீங்க தங்கப்போறது குசினிக்குப் பக்கத்துல உள்ள பின்னறை. அந்த ரவுட்டர் முன்னறையில நல்லாத்தான் வேலை செய்யுது, பின்னறைக்குப் போனா செல்லுல ஒரு கோடு கூடக் காட்ட மாட்டேங்குது. எங்க தாத்தா காலத்துல கடல்கல்லும் சுண்ணாம்பும் வச்சுக் கட்டின வீடு இது, சுவரு ரெண்டடி கனம், எத்தனையோ புயலுக்கு அசையாம நின்ன சுவரு, இந்த ரெண்டு கொம்புக்கா வழி விடும்? உங்ககிட்டச் சொன்னதுக்கு, "ஸ்பீடு மட்டும் பத்தாது மாமா, பிங்கு கம்மியா இருக்கணும், அப்லோடு கூட இருக்கணும், டூயல் பேண்டு வேணும், கேமிங் ரவுட்டராப் பாருங்க"ன்னு குரல்ல பேசி அனுப்பினிய. அதை ஒன்பது தடவை போட்டுக் கேட்டு காலண்டர் பின்னால எழுதிக்கிட்டு மகாராஜன் அண்ணாச்சி கடைக்குப் போனேன். அவரு முன்னால மிக்ஸி, கிரைண்டர் வித்தவரு, இப்ப கம்ப்யூட்டர் சாமானும் விக்காரு. காலண்டர் தாளை வாங்கிப் படிச்சுட்டு, "இதெல்லாம் இருக்கட்டும் தண்டல், வீட்டுல யாருக்கு?"ன்னாரு. மாப்பிள்ளை வந்து தங்கப்போறாருன்னேன். "மாப்பிள்ளைக்குன்னா ஆறு கொம்புக்குக் கொறைஞ்சு வாங்கப்பிடாது"ன்னு ஒண்ணை எடுத்து வச்சாரு. நானும் வாங்கிட்டேன்.

இங்கனதான் நான் ஒரு தப்புப் பண்ணினேன், ஒத்துக்கிடுதேன். முப்பத்தஞ்சு வருஷம் தோணி ஓட்டின தண்டல் நான். மாலத்தீவுக்கு வெங்காயமும் சிமெண்டும் ஏத்திக்கிட்டுப் போறப்ப வயர்லெஸ் செட்டோட ஆன்டெனாவைப் பாய்மரத்து உச்சியில கட்டினாத்தான் கரைக்குக் கேக்கும், கீழ வச்சா பக்கத்துத் தோணிக்குக்கூடக் கேக்காது. ரவுட்டரும் வயர்லெஸ்தானே, அதை எதுக்குத் தரையோட தரையா மேசையில வைக்கணும்னு யோசிச்சு, மொட்டைமாடித் தண்ணித்தொட்டி பக்கத்துல இருபதடி இரும்புக் குழாயை நட்டு அதோட உச்சியில கட்டிப்புட்டேன். பாலித்தீன் பை போட்டு மூடி, நல்ல முடிச்சாப் போட்டு, எல்லாம் முறையாத்தான் செஞ்சேன். கீழ இறங்கி வந்து பாத்தா பின்னறையில ஒண்ணுமில்ல, முன்னறையில இருந்ததும் போச்சு. ஆனா தெரு முழுக்க நெட்டு. ஐஸ் கம்பெனிக்குப் போறவன், வலை பின்னுதவன், மீன் வித்துட்டுத் திரும்புத பொம்பளைய, எல்லாரும் எங்க வீட்டு மதில்ல சாஞ்சு நின்னு செல்லைப் பாக்காவ. பாஸ்வேர்டு எப்படித் தெரியும்னு விசாரிச்சா, உங்க அத்தைதான் கேட்டவுகளுக்கெல்லாம் குடுத்திருக்கா. "ஏளா, உனக்குப் புத்தி இருக்கா?"ன்னேன். "கேட்டா இல்லன்னு எப்படிச் சொல்ல, மாடியில நம்ம கொம்பு நிக்கது ஊருக்கே தெரியுதே"ங்கா. நாலாம் நாள் வெயில்ல அந்த ரவுட்டர் உருகி ஒரு பக்கம் வளைஞ்சுபோச்சு. அஞ்சாம் நாள் கச்சான் காத்து குழாயோட சாய்ச்சு, பக்கத்து மாடியில காயப்போட்ட நெத்திலி மேல கொண்டு போட்டுது. அந்த வீட்டம்மா ஒரு வாரம் எங்களோட பேசல.

அடுத்தது எட்டுக் கொம்பு. கேமிங் ரவுட்டருன்னா இதுதான்னு அண்ணாச்சி சத்தியம் பண்ணாரு. கறுப்பா, சிவப்பு லைட்டு எரிய, மல்லாக்கப் போட்ட நண்டு மாதிரி இருக்கும். அதை முன்னறையில மாதா பீடத்துக்குக் கீழ வச்சேன், அங்கதான் பிளக் இருக்கு. பின்னறையில ரெண்டு கோடு வந்துது மாப்பிள்ளை. ரெண்டு கோடு! நானும் பிலோமியும் செல்லைக் கையில வச்சுக்கிட்டு கட்டில் பக்கம், அலமாரி பக்கம், ஜன்னல் பக்கம்னு நடந்து நடந்து பாத்தோம், எல்லா இடத்துலயும் ரெண்டு கோடு. அதோட சும்மா இருந்திருக்கலாம். உங்க அத்தைக்குத்தான் மனசு கேக்கல. "வள்ளம் எறக்கினா மந்திரிக்கோம், பைக் வாங்கினா மந்திரிக்கோம், பிள்ளை பேறே இதை நம்பித்தான் இருக்கு, இதை மந்திரிக்காம விடலாமா?"ன்னு சொல்லி, அடுத்த வீட்டுக்கு வந்த பங்குச்சாமியார் ஜெஸ்டின் அடிகளைக் கையோட கூட்டிட்டு வந்துட்டா. சாமி புஸ்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பாத்துட்டு, "இதுக்குன்னு செபம் ஒண்ணும் இல்லையேம்மா"ன்னாரு. கடைசியில வாகனத்துக்கு உள்ள செபத்தைச் சொல்லி, இது போற வழியில விபத்து நேராம இருக்கணும்னு வேண்டிக்கிட்டு, பட்டும் படாம ரெண்டு சொட்டுத் தெளிச்சாரு. அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன். பிலோமிதான், "பின்னாலயும் தெளிங்க சாமி, அங்கனதான் ஓட்டை நெறைய இருக்கு, உள்ள நல்லா இறங்கும்"னா. நல்லா இறங்கிச்சு. சிவப்பு லைட்டு ரெண்டு தடவை சிமிட்டுச்சு, அப்புறம் எரியல. சாமி காப்பி கூடக் குடிக்காமப் போயிட்டாரு.

மறுநாள் ரெண்டு பேரும் கடைக்குப் போனோம். வாரண்டி இருக்குல்லா. அண்ணாச்சி ரவுட்டரைக் குலுக்கிப் பாத்துட்டு, "தண்ணி பட்டுச்சா தண்டல்? தண்ணி பட்டா கம்பெனியில எடுக்க மாட்டான்"னாரு. நான் வாயைத் திறக்குமுன்ன பிலோமி, "தண்ணியா? ஒரு பொட்டுத் தண்ணி படல அண்ணாச்சி. தீர்த்தம்"னுட்டா. தலையில கை வச்சுக்கிட்டு நின்னேன். அண்ணாச்சி பேனாவை எடுத்தாரு, வச்சாரு, திருப்பி எடுத்தாரு. "சஷ்டி தவறாம திருச்செந்தூர் போயிட்டு வாரவன் நான். எந்தச் சாமி தீர்த்தமா இருந்தா என்ன, அதைத் தண்ணின்னு என் கையால எழுத மாட்டேன்"னு சொல்லி, காரணம் தெரியவில்லைன்னு எழுதி அனுப்பி வச்சாரு. பதினெட்டு நாள்ல புதுசு வந்துது. அந்தப் பதினெட்டு நாளும் அனுஜா போன் போட்டு, "என்னப்பா, ஆச்சா?"ன்னு கேப்பா, நான் "ஆயிரும்மா, ஆயிரும்"னு சொல்லுவேன். எட்டாம் மாசம் நெருங்கிட்டு, அது தாண்டினா ரயில்ல ஏத்தப்பிடாதுன்னு இங்க எல்லாரும் சொல்லுதாவ. எனக்குச் சோறு இறங்கல.

புதுசை மாட்ட நெட் கம்பெனி லைன்மேன் பேச்சிமுத்து வந்தான். எட்டுக் கொம்பையும் பாத்தான், சுவரைத் தட்டிப் பாத்தான், மாடியில குழாய் நட்ட கதையையும் கேட்டான். சிரிக்கல, அதுவரைக்கும் அவன் நல்லவன். "தண்டல், ஒண்ணு கேக்கேன், உங்க மாப்பிள்ளை விளையாடும்போது வீடு முழுக்க நடந்துக்கிட்டா விளையாடுவாரு? நாற்காலிய விட்டு எந்திரிக்கவே மாட்டாருல்லா? பெறகு எதுக்குக் கொம்பு? ஒத்த வயரை இங்கேருந்து பின்னறைக்கு இழுத்து அவரு கம்ப்யூட்டர்ல சொருகிட்டா சோலி முடிஞ்சுது"ன்னான். எனக்குக் கோவமா வந்துது மாப்பிள்ளை. ரெண்டு மாசம், மூணு ரவுட்டரு, ஒரு மந்திரிப்பு, கடைசியில வயரு! இதை மொதல்லயே ஏம்லே சொல்லலன்னா, "நீங்க கேக்கலியே"ங்கான். சுவர்ல ஓட்டை போட்டான், டிரில் முனை முறிஞ்சுது, ஓட்டைக்குள்ள இருந்து மண்ணும் சிப்பியும் கொட்டி மேசை, கட்டில், என் தலை எல்லாம் வெள்ளையாப் போச்சு. பெறகு கதவுக்கு மேல காத்துக்கு விட்ட ஓட்டை வழியா இழுத்துட்டுப் போயிட்டான். பாக்க அழகா இல்ல, துணி காயப்போடுத கொடி மாதிரிதான் தொங்குது. ஆனா பிங்கு ஒன்பது காட்டுது. அப்லோடு நீங்க கேட்டதுக்கு ரெட்டிப்பா இருக்கு. பேச்சிமுத்து போகுமுன்ன, சோதிக்க அவன் கொண்டு வந்த கம்ப்யூட்டர்லயே நான் ஒரு ஆட்டம் ஆடிப் பாத்தேன், நீங்க ஆடுத அதே மாதிரி, ஆகாசத்துல இருந்து குதிக்கது. தரையில கால் வைக்குமுன்ன எவனோ சுட்டுப்புட்டான். ஆனா நெட்டு ஒரு இடத்துலயும் நிக்காமத்தான் செத்தேன், அது நிச்சயம்.

ஆகவே மாப்பிள்ளை, எல்லாம் தயார். பின்னறைக்கு வெள்ளையடிச்சாச்சு, கரண்டு போனா ஓட பேட்டரி வச்சாச்சு, மேசை நாற்காலி போட்டாச்சு. உங்க அத்தை பால்சுறாக் கருவாடு கட்டி வச்சிருக்கா, பிள்ளை பெத்தவளுக்குப் பால் ஊற. ஒண்ணு மட்டும் சொல்லுதேன், தப்பா எடுத்துக்கிடாதிய. அனுஜா பொறந்தப்ப நான் மாலத்தீவுல சிமெண்டு எறக்கிக்கிட்டு இருந்தேன். இருபத்திரெண்டு நாள் கழிச்சுத்தான் அவ முகத்தைப் பாத்தேன், அதுவரைக்கும் பிள்ளை கறுப்பா சிவப்பான்னுகூட எனக்குத் தெரியாது. அவ பிள்ளையையாவது மொத நாளே என் வீட்டுல வச்சுப் பாக்கணும்னு ஆசை. கொம்பெல்லாம் அதுக்குத்தான் வாங்கினேன். இந்தக் கடிதம் கண்டதும் ரெண்டு பேருக்கும் டிக்கெட் போடுங்க. ஸ்டேஷனுக்கு நானே வந்து நிப்பேன்.

தங்கள் பிங்கு என்றும் தாழ்ந்தும் அப்லோடு என்றும் உயர்ந்தும் இருக்கவும், தங்களைச் சுட வருகிற எவனுக்கும் குறி தவறவும், என் மகளுக்கு நோவில்லாமல் பேறு ஆகவும் பனிமய மாதா தன் மேலாடைக்குள் வைத்துக் காப்பாளாக.

இப்படிக்கு,
தங்கள் வரவை எதிர்பார்க்கும் மாமனார்,
தஸ்நேவிஸ் மிராந்தா

பி.கு.: கவரை ஒட்டின பெறகு திருப்பிப் பிரிச்சு எழுதுதேன். நேத்து சாயந்திரம் அனுஜா போன் பண்ணினா. நஞ்சுக்கொடி கீழ இறங்கி இருக்காம், ரயில், கார் எதுலயும் ஏறப்பிடாது, பேறு சென்னையிலதான்னு டாக்டரம்மா சொல்லிட்டாளாம். மேல எழுதினது எதையும் மனசுல வச்சுக்கிட வேண்டாம், டிக்கெட்டும் போட வேண்டாம். பிலோமி கருவாட்டுப் பொட்டலத்தையும் தூக்கிக்கிட்டு ராத்திரி வண்டிக்கே கிளம்பிட்டா, இந்தக் கடிதம் வருமுன்ன அங்க வந்திருப்பா. எனக்கும் சேத்து டிக்கெட் எடுக்கவான்னு கேட்டா. அங்க உங்க வீட்டுல உள்ளதே ரெண்டு ரூம், அதுல ஒண்ணு உங்க விளையாட்டுக்கு, நான் வேற வந்து எங்கன படுக்க, வேண்டாம்னுட்டேன். இன்னைக்குக் காலையில சும்மா இருக்க முடியாம பின்னறையில உக்காந்து செல்லுல உங்க லைவைப் போட்டேன். ஒரு நிமிஷம் நிக்கல, அவ்வளவு சுத்தமா வருது. நீங்க யாரைச் சுட்டிய, யாரு உங்களைச் சுட்டான்னு நான் பாக்கல. ஓரத்துல உங்க முகம் தெரியுத சின்னக் கட்டத்துல, உங்களுக்குப் பின்னால கதவு பாதி திறந்து கெடந்துது, அனுஜா இடுப்புல கை வச்சுக்கிட்டு மெதுவா அங்கிட்டு நடந்து போனா, கொஞ்ச நேரம் கழிச்சுத் தண்ணி குடிச்சுக்கிட்டே இங்கிட்டு வந்தா. முகம் கொஞ்சம் ஊதி இருக்கு. பேறு முடியுத வரைக்கும் அந்தக் கதவை மூடாதிய மாப்பிள்ளை. நாற்காலியையும் கொஞ்சம் வலது பக்கம் நகத்திப் போட்டுக்கிடுங்க, உங்க தலை மறைக்கு.