குச்சிப்பூச்சிக்குப் பார்த்த மாப்பிள்ளை

அந்தக் குச்சிப்பூச்சியின் மகள்களுக்குக் குரோமோசோம் எண்ணிக்கை மாறியது தானாகவா, என் மாமியாராலா? எத்தனை முறை யோசித்தும் எனக்கு விளங்கவில்லை.

அப்போது நான் விலங்கியல் முதுகலை மாணவி. பிரசவத்தால் பட்டம் ஓராண்டு தள்ளிப்போயிருந்தது. கையில் குழந்தை, ஆய்வுக்குக் குச்சிப்பூச்சி. (எதற்கு முதலில் தீனி கொடுத்தேன் என்பதிலேயே பாதி நாள் சந்தேகம்.)

வீட்டிலேயே ஒரு கண்ணாடிப் பெட்டியில் நான் வளர்த்தவை ஆண் இல்லாமலே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் வகை. பெண்ணுக்குப் பெண்ணே பிறக்கும். தாய்க்கு எத்தனை குரோமோசோமோ, மகளுக்கும் அத்தனைதான் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். எண்ணிப் பார்த்தால் சில மகள்களுக்குக் கூடுதல்! முதலில் என் கண்ணைச் சந்தேகப்பட்டேன், பிறகு நுண்ணோக்கியை. கடைசியில், பெரிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டதாக நம்பி, “தானே நிகழ்ந்த மாறுபாடு” என்று ஆய்வேட்டில் எழுதிவிட்டேன். (வாழ்க்கையில் நான் சந்தேகப்படாமல் எழுதிய ஒரே வரி.)

வாய்மொழித் தேர்வன்று, குழந்தையைப் பார்த்துக்கொள்ள மாமியாரும் என்னோடு கோவைக் கல்லூரிக்கு வந்து தேர்வறைக் கதவோரம் நின்றிருந்தார்.

“அப்பன் வழியாகவும் அந்தக் கூடுதல் வரலாமே. பெட்டிக்குள் ஆண் பூச்சி நுழைய வாய்ப்பே இல்லையா?” என்று கேட்டார் தேர்வாளர்.

“இல்லவே இல்லை சார்.”

“ஏனுங்க சார், நான் ஒண்ணு உட்டனுங்களே!” என்றது கதவோரக் குரல்.

அறையே திரும்பியது.

“அத்தனையும் பொம்பளைனு அம்மணி சொல்லுச்சுங்க. பாவமா இருந்துச்சு. ஆடி போகட்டும்னு பொறுத்திருந்து, ஆவணி பொறந்ததும் கிணத்துக்கடவுல நம்ம தோட்டத்துக் கொய்யாமரத்துல ஒல்லியா ஒண்ணைப் புடிச்சாந்து உட்டுப்போட்டேனுங்க.”

(ஆய்வில் நான் காட்டாத கவனத்தை அவர் முகூர்த்தத்தில் காட்டியிருந்தார்.)

“அது ஆண்தானா?”

“அதையெல்லாம் எப்படிங்க கேக்கறது?”

“இப்போது எங்கே?”

“ரெண்டாம் நாளே காணோமுங்க. ஊட்டோட மாப்பிள்ளையா இருக்க யாருங்க சம்மதிப்பா?”

பட்டம் போயிற்று என்றே முடிவு கட்டினேன். தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றி, சிரித்து முடித்து, என் தைரியமான வரியை அடித்துவிட்டு, “காரணம் தெளிவாகவில்லை” என்று எழுதித் தேர்ச்சி தந்தார்.

இன்றும் சாம்பார் ஏன் உப்புக் கரிக்கிறது என்று கேட்டால், என் கணவர் தேர்வாளர் எழுதிய அந்த வரியைத்தான் சொல்வார். மாமியார் மட்டும் அசையவில்லை. “நான் பார்த்தது நல்ல இடந்தான் கண்ணு” என்கிறார்.

கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த என் மகளுக்கு இப்போது நாலு வயது. “அந்தப் பூச்சிப் பாப்பாவுக்கு அப்பா இருக்காரா, இல்லையாம்மா?” என்கிறாள். இருக்கிறார் என்றால் நான் படித்த படிப்பு கோபிக்கும். இல்லை என்றால் அத்தை கோபிப்பார். தெளிவாகவில்லை என்றால் குழந்தை அழுகிறாள். நான் என்னதான் சொல்லட்டும்? யாராவது சொல்லுங்களேன்.