நான் வளர்த்த கறிவேப்பிலை பூத்த கதை

ஸ்டெல்லா, ஜோயல், இரண்டு பேரும் கேளுங்கள். கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் கெமுனிங் பூச்செடியைக் காட்டி, "இது டாடியோட கறிவேப்பிலை" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிக்கிறீர்கள். நீங்கள் கேட்டது உங்கள் பெரியம்மா சொன்ன கதை. அவர் எதிலும் மசாலாவைக் கொஞ்சம் தூக்கலாகப் போடுவார். அதனால் நானே எழுதிவைக்கிறேன்.

முதலில் என் மூக்கு. பெயிண்ட் பேக்டரியில் சேர்ந்த பிறகு அது கண்ணாடி மாட்டுவதற்கு மட்டும்தான் பயன்படுகிறது. சோறு அடிப்பிடித்தால்கூட புகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.

வாய் மட்டும் நன்றாக வேலை செய்தது. ஸ்டெல்லா சர்ச்சில் புது நன்மை வாங்கிய அன்று வீட்டில் விருந்து. சமைக்க ரெங்கத்திலிருந்து பெரியம்மா வருவதாக ஏற்பாடு. ஜொகூர் பாருவில் உருப்படியாக எதுவும் கிடைக்காது என்பது அவர் முடிவு. தேங்காய் முதல் பச்சைமிளகாய் வரை மூட்டை கட்டிக்கொண்டு வருவார். "ஒன் வீட்டுக்காரரு நட்டா புல்லுகூட மொளைக்காது" என்று கல்யாணமான புதிதில் உங்கள் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்திருந்தது. (காதும் நன்றாகவே வேலை செய்கிறது.) எனவே கறிவேப்பிலை கொண்டுவரட்டுமா என்று அவர் போனில் கேட்டபோது, ஓர் இலைகூட வேண்டாம், நான் இரண்டு வருடமாக வளர்த்தது நம் வீட்டிலேயே மரமாக நிற்கிறது என்று சொல்லிவிட்டேன். என் கையால் வளர்ந்த ஒன்றை அவர் ஒரே ஒரு முறை நல்லாயிருக்கு என்று சொல்லவேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நர்சரியில் அந்தச் செடியை நானே பொறுக்கி எடுத்தேன். பெயர் கேட்கவில்லை. ஒரு தமிழன் போய், இது கறிவேப்பிலையா என்று கேட்பதா? வெயில் விழும் இடமாகப் பார்த்து, தண்ணீர் தேங்காதபடி மண்ணில் மணல் கலந்து நட்டேன். அரிசி கழுவிய தண்ணீர் முழுக்க அதற்குத்தான். பெரிதாகட்டும் என்று யாரையும் ஓர் இலை கிள்ள விடவில்லை. உங்கள் அம்மா ஒருநாள் முகர்ந்து பார்த்துவிட்டு, "ஏங்க, வாசமே இல்லையே" என்றாள்.

"வளந்தா வரும்" என்றேன். (பாலோ எஸ்டேட்டில் பிறந்தவனுக்குச் செடியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டுமா? அங்கே நான் பார்த்தது எண்ணெய் எடுக்கும் செம்பனை மட்டும்தான் என்பது வேறு விஷயம்.)

விருந்தன்று பூசை முடிந்து வந்ததும் பெரியம்மா எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றினார். நான் கத்திரியோடு போய்ச் செடியை மொட்டையடித்து, கூடை நிறைய இலையோடு வந்து நின்றேன். அவர் ஓர் இலையைக் கசக்கினார். முகர்ந்தார். இன்னொன்றையும் கசக்கினார்.

"தம்பி, இது என்னா?"

"கறிவேப்பிலை லா, அக்கா. இப்பதான் பறிச்சது."

"இது கெமுனிங். பூச்செடி. எங்க ஸ்கூல் வேலி பூரா இதான்." எண்ணெய் புகைந்தது. "ரெண்டு வருசமா வேலிக்கா அரிசித்தண்ணி ஊத்துனீங்க?"

பக்கத்து வீட்டு மலாய்ப் பெரியவர் பாக்சிக்கிடம் ஓடினேன். அவர் வீட்டுக் கால்வாய் ஓரத்தில், யாரும் தண்ணீர் ஊற்றாமலே, கறிவேப்பிலை ஆள் உயரத்துக்கு நின்றது. நான் பூப்பிரியன் என்று அத்தனை நாளும் நினைத்திருந்தாராம். விஷயம் தெரிந்ததும் "அலமாக்" என்று தலையில் கைவைத்தார். கை நிறைய ஒடித்துக்கொண்டு திரும்புவதற்குள் தாளிப்பு முடிந்து, உங்கள் அம்மாவின் உபயத்தில் முழுக் கதையும் ஹாலுக்கே போய்ச் சேர்ந்திருந்தது. பெரியம்மா விருந்துக்கு வந்திருந்த ஃபாதருக்கு மீன்கறி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"கறிவேப்பிலை இல்ல ஃபாதர், மன்னிச்சுக்குங்க. தம்பி வளக்குறாரு. வளந்தா வரும்."

ஃபாதருக்குப் புரையேறியது. அன்றிலிருந்து ஜோயலின் கணக்கு மார்க் முதல் என் முன்மண்டை முடி வரை, நம் வீட்டில் எல்லாமே 'வளந்தா வரும்'.

ஆனால் மொட்டையடித்த செடி சும்மா இருக்கவில்லை. மழை பிடித்ததும் கிளைக்குக் கிளை துளிர்த்து, ஒருநாள் வெள்ளை வெளேரென்று பூத்தது. (கெமுனிங் வளர்ப்பவர்கள் கவனிக்கவும்: பூ உதிர்ந்ததும் வெட்டிவிடுங்கள், அடர்ந்து பூக்கும். நான் தெரிந்து வெட்டவில்லை.) தெருமுனை வரைக்கும் மணக்கிறது என்றார்கள். அடுத்த முறை வந்த பெரியம்மா கேட்டிலேயே நின்று கண்ணை மூடினார்.

"நல்லாயிருக்கு தம்பி" என்றார். பிறகு மைலோ டின்னில் வளர்த்த ஒரு கறிவேப்பிலைக் கன்றை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

அன்று சாயங்காலம் நீங்கள் எல்லோரும் கடைக்குப் போயிருந்தீர்கள். கன்றைக் கெமுனிங்குக்குப் பக்கத்தில் நட்டு, மறுபடியும் குழம்பிவிடாமல் இருக்க ஸ்டெல்லாவின் சிவப்பு ரிப்பனை அதில் கட்டினேன். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஒரு கெமுனிங் பூங்கொத்தில் மூக்கைப் புதைத்து நன்றாக இழுத்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"நல்ல வாசம்" என்று செடியிடம் சொல்லிவிட்டு, அரிசித்தண்ணீரை இரண்டுக்கும் பாதிப் பாதி ஊற்றினேன்.