பதினெட்டுப் பக்க ஒப்புதலும் அரைக் கோப்பைத் தேநீரும்

2023 அக்டோபர் 19, வியாழக்கிழமை
காலை மணி 10.40
கடிதம் எண்: 7 / 2023

பொருள்: கை நடுக்கத்துக்கான புதிய மருந்தின் பரிசோதனையில் நான் சேர்வதும், அதற்குத் தங்கள் தமக்கையார் எழுப்பியுள்ள தடையும்.

பார்வை: 15.10.2023 ஞாயிறன்று தாங்கள் தொலைபேசியில், "என்ன அத்தான், கை இன்னும் ஆடுதா?" என்று வினவியது.

பெருமதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு நானும் தங்கள் தமக்கையாரும் நலம். என் வலக்கை மட்டும் நலமில்லை. அங்குள்ள அனைவரின் நலத்தையும் வயது வரிசைப்படி அறிய விரும்புகிறேன். எழுத்தைக் கண்டு குழம்ப வேண்டாம். நான் சொல்லச் சொல்லத் தங்கள் தமக்கையார் எழுதுகிறார். கருத்து என்னுடையது, எழுத்து அவருடையது. (தம்பி, நான்தான் அக்கா. போன வாரம் வரைக்கும் உன்னை 'மாப்ளே'ன்னு கூப்பிட்டவர் இன்னைக்குத் 'தாங்கள்'ங்கிறார். உன்னால ஏதோ காரியம் ஆகணும், உஷாரா இரு.)

04.09.2023 திங்கட்கிழமை நரம்பு மருத்துவர் என்னை அழைத்து, புதிய மருந்து ஒன்று வந்திருப்பதாகவும், அதை மனிதர்களிடம் கொடுத்துப் பார்க்க நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதி தந்துவிட்டதாகவும், மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவும் அனுமதி தந்துவிட்டதாகவும், இனி என் சம்மதம் ஒன்றுதான் பாக்கி என்றும் தெரிவித்தார். பணி ஓய்வுக்குப் பிறகு என்னிடம் யாரும் எதற்கும் சம்மதம் கேட்டதில்லையாதலால் நான் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். பதினெட்டுப் பக்க ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கே கொடுத்தனுப்பினார்கள். சேர்பவர்களில் பாதிப் பேருக்கு உண்மையான மருந்தும் மீதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரையும் தருவார்களாம். எனக்கு எது என்பது மருத்துவருக்கே தெரியாதாம். மருத்துவருக்கே தெரியாத விஷயத்தை நான் முழுவதும் புரிந்துகொண்டதாகக் கையொப்பமிட வேண்டும். இதிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆவணக் காப்பகத்தில் வேலை பார்த்தவன் ஒரு தாளை வெறுமனே படிக்க மாட்டான் என்பது தாங்கள் அறிந்ததே. பதினான்காம் பக்கத்தின் அடியில் 'இரண்டாம் பதிப்பு' என்றும், ஏனைய பக்கங்களில் 'மூன்றாம் பதிப்பு' என்றும் இருந்ததைக் கண்டேன். பாராட்டுவார்கள் என்று எண்ணி 11.09.2023 அன்று நேரில் சென்று காட்டினேன். ஆய்வுப் பணிகளைக் கவனிக்கும் பெண் அதைப் பார்த்து நாற்காலியில் சாய்ந்துவிட்டார். பழைய பக்கம் கலந்த படிவத்தில் முன்பே கையொப்பமிட்டவர்கள் அனைவரும் திருத்திய படிவத்தில் மறுபடியும் கையொப்பமிட வேண்டுமாம். அதற்கு நெறிமுறைக் குழு மறுபடியும் கூட வேண்டுமாம். குழு கூடியது. 03.10.2023 அன்று நான் போனபோது நடைவழியில் என்னைப் போலவே கை நடுங்கும் பதினொரு பேர் வரிசையாக அமர்ந்திருந்தார்கள். "இவர்தாங்க அந்தப் பக்கம் பதினாலு" என்று யாரோ என்னைச் சுட்டிக்காட்டினார். சுட்டிய விரல் ஆடியதால் அது என்னையும் காவலாளியையும் மாறி மாறிக் காட்டியது. அவர்களில் ஒரு தையற்காரர், "பெரியவரே, ஒரு கையெழுத்து போடறதுக்குள்ள எனக்கு உசிரு போய் உசிரு வருது. உங்க புண்ணியத்துல இன்னும் ஆறு போடணும். அடுத்த தப்பைக் கண்டுபிடிச்சா தயவு பண்ணி மனசுக்குள்ளயே வெச்சுக்குங்க" என்றார். முறைப்படி நடந்தது ஒரு குற்றமா? (குற்றம்னு யார் சொன்னா? அந்த மனுஷனுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வந்திருக்கலாம்னுதான் சொன்னேன்.)

அடுத்து, சம்மதம் தருவதைக் காணொளியாகப் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. அந்தப் பெண் கருவியை இயக்கி, "எல்லாம் புரிஞ்சுதா ஐயா? ஏதாவது கேள்வி இருக்கா?" என்று கேட்டார். கேட்டதால் கேட்டேன். நான்காம் பக்கத்தை அடைவதற்குள் கருவியின் மின்கலம் தீர்ந்துவிட்டது. இடையில் அறுந்த பதிவு செல்லாது என்று முதலிலிருந்து தொடங்கினார்கள். "ஐயா, இந்தத் தடவை கேள்வி இல்லைன்னு சொல்லிடறீங்களா?" என்றார். கேட்ட கேள்விகளைக் கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது? மறுபடியும் கேட்டேன்.

பதினாறாம் பக்கத்தில்தான் விவகாரம் முளைத்தது. பரிசோதனையால் எனக்கு ஏதேனும் நேர்ந்தால் இழப்பீட்டைப் பெற வேண்டியவர் யார், உறவு என்ன என்று ஒரு கட்டம். அந்தப் பெண் அதை வாசித்ததும், பக்கத்தில் அமர்ந்து எனக்காக நிரப்பிக்கொண்டிருந்த தங்கள் தமக்கையார் பேனாவை மூடினார். "ஏதேனும் நேர்ந்தால்னா என்னம்மா?" என்று கேட்டார். "வழக்கமா எல்லார்கிட்டயும் கேக்கறதுதாம்மா" என்றார் அந்தப் பெண். "நாட்டைக் கேட்டீங்க, கமிட்டியைக் கேட்டீங்க, இவரைக் கேட்டீங்க. இவர்கூடக் குடும்பம் நடத்தறது நாடா, கமிட்டியா? என்னை யாராவது கேட்டீங்களா?" என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். விதிகளைத் தேடிப் பார்த்தேன். மனைவியின் சம்மதம் எங்கும் கோரப்படவில்லை. நான் தனியாகவே கையொப்பமிடலாம். ஆனால் அவர் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கையில் இட எனக்கு மனம் ஒப்பவில்லை. சேர்க்கை 23.10.2023 திங்களன்று முடிகிறது. ஓர் இடம்தான் பாக்கி.

நான் ஏன் இதில் சேர விரும்புகிறேன் என்று படிவத்தில் எங்கும் கேட்கவில்லை. தங்களிடம் சொல்கிறேன். 2020 மார்ச் மாதத்திலிருந்து எனக்குக் கிடைப்பது அரைக் கோப்பைத் தேநீர். நிறையக் கொடுத்தால் சிந்தும், சிந்தினால் என் முகம் வாடும் என்று தங்கள் தமக்கையார் ஒரு வார்த்தை சொல்லாமல் பாதியோடு நிறுத்தினார். நான் கவனிக்கவில்லை என்று அவரும், கவனித்தது அவருக்குத் தெரியாதென்று நானும் காலம் தள்ளுகிறோம். அவர் கையால் ஒரு முழுக் கோப்பை வாங்கி, ஒரு சொட்டுச் சிந்தாமல் மேஜையில் வைக்க வேண்டும். என் விருப்பம் அவ்வளவே.

(இவ்விடத்தில் எழுதுவது சிறிது நேரம் நின்றது. பேனாவில் மை தீர்ந்துவிட்டதாகக் காரணம் கூறப்பட்டது. இக்குறிப்பு என்னுடையது.)

எனவே தாங்கள் 22.10.2023 ஞாயிறு காலை வண்டியிலேயே புறப்பட்டு வந்து, தங்கள் தமக்கையாரிடம் பக்குவமாக எடுத்துரைத்துச் சம்மதம் பெற்றுத்தர வேண்டுகிறேன். பிறர் சொல்லை அவர் கேட்பதில்லை. தாங்கள் கடைக்குட்டி என்பதால் கேட்கக்கூடும்.

முடிக்குமுன் தாளை வாங்கிப் படித்ததில், நான் சொல்லாத வாசகங்கள் இரண்டிடங்களில் அடைப்புக்குறிக்குள் இருக்கக் கண்டேன். கிழித்தெறியத்தான் நினைத்தேன். ஆனால் ஆவணத்தில் புகுந்த எதையும் மறைக்கக் கூடாது, எழுதியவர் சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும் என்று மருத்துவமனையில் கற்றுக்கொண்டேன். அவ்வாறே இடச் சொல்லியிருக்கிறேன். (போட்டாச்சு. 19.10.2023. திருப்தியா?)

தங்கள் இல்லத்தில் பெரியவர்களுக்கு என் வணக்கமும், சிறியவர்களுக்கு ஆசியும், இடைப்பட்ட தங்களுக்கு இரண்டிலும் சரிபாதியும் உரித்தாகுக.

இங்ஙனம்,
தங்கள் அத்தான்
(கையொப்பம்: மேலே மலைத்தொடர் போலத் தெரிவது)

இணைப்புகள்:
1. 15.10.2023 தொலைபேசி உரையாடலின் சுருக்கம், ஒரு பக்கம்.
2. கையொப்பமிடாத ஒப்புதல் படிவம், பதினெட்டுப் பக்கம்.
3. ஞாயிற்றுக்கிழமை வண்டி நேரங்கள்.

பி.கு.: தம்பி, அத்தான் குளிக்கப் போயிருக்கார். நீ வர வேண்டாம். இரண்டாவது இணைப்பைத் தேடாதே, அதை நான் எடுத்துட்டேன்; திங்கட்கிழமை அது எங்களுக்கு வேணும். பதினாறாம் பக்கத்துல என் பேரை நானே எழுதிட்டேன். பதினொண்ணாம் பக்கத்துல என்ன போட்டிருக்கு தெரியுமா? எப்ப வேணும்னாலும் காரணம் சொல்லாம விலகிக்கலாமாம். எங்க கல்யாணத்துல இந்த வசதி இல்லாமப் போச்சேன்னு அந்த ஆஸ்பத்திரிப் பொண்ணுகிட்ட போன்ல சொன்னேன், சிரிச்சா. அரைக் கோப்பை விஷயம் இவருக்குத் தெரியும்னு இன்னைக்கு எழுதும்போதுதான் எனக்குத் தெரியும். மை தீரலை. இப்ப முழுக் கோப்பை ஊத்தி வெச்சிருக்கேன். பாதி சிந்தத்தான் போகுது. சிந்தட்டும், துணி என் கையிலதான் இருக்கு.