மின்சாரம் படாத சமையலறை

பெரிய காஞ்சிபுரத்தில் இந்திராணி வீட்டு கிரைண்டர் நின்றுபோன அதே வாரத்தில், மரபுச் சமையல் ஊக்குவிப்புப் பிரிவு என்கிற அரசு அலுவலகம் விழித்துக்கொண்டது. இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனாலும் ஓர் அலுவலகம் விழித்துக்கொண்டால் யாராவது ஒருவர் தூக்கத்தைத் தொலைத்தாக வேண்டும். இந்த முறை அது இந்திராணி.

தெருமுனையில் அறிவிப்பு ஒட்டினார்கள். மின்சாரக் கருவிகளும் குக்கரும் எட்டிப் பார்க்காத சமையலறை ஒன்றைக் கண்டறிந்து, அதன் இல்லத்தரசியைக் கௌரவிக்க மேற்படி பிரிவு திருவுளம் கொண்டிருந்தது. முதல் பரிசு, ஒரு டேபிள் டாப் கிரைண்டர்.

இதில் ஏதோ இடிக்கிறதே என்று தெருவில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் பரிசை மாற்றிவிடுவார்களே என்ற பயம்தான். இந்திராணிக்கு அந்த கிரைண்டர் வேண்டும், அவ்வளவுதான். கடை மாவில் இட்லி ஊற்றி ஊற்றி வீடே புளித்த ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தது. பழைய கிரைண்டரைத் திறந்து பார்த்த மெக்கானிக், துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி, போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போய்விட்டார்.

நெசவாளர் தெருவில் பொருளை ஒளிக்க இடமா இல்லை? வீட்டுக்கு வீடு தறிக்குக் கீழே, நெய்கிறவர் காலை விட்டு மிதிக்க ஒரு குழி உண்டு. சமையலறை ஆய்வு நடக்கவிருந்த அன்று காலை, தெரு முழுக்க மிக்ஸியும் குக்கரும் கெட்டிலும் குழிக்குள் இறங்கின. இந்திராணி, பருப்பு வெந்துகொண்டிருந்த குக்கரை அப்படியே தூக்கிக் குழியில் வைத்தாள். அவள் புருஷன் கந்தன், காலை வைக்க இடமில்லாமல் தறி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

உதவி இயக்குநர் கோதண்டபாணி வந்தார். இரும்புத் தோசைக்கல்லைக் கண்டதும் செருப்பைக் கழற்றினார். புழக்கடையில், காக்கைகள் தண்ணீர் குடிக்க விட்டிருந்த ஆட்டுக்கல்லை இந்திராணி முதல் நாள்தான் தேய்த்துக் கழுவியிருந்தாள். அதன் முன்னால் அவர் வெகுநேரம் கண் கலங்கி நின்றார். வேறெந்த வீட்டிலும் ஆட்டுக்கல் இல்லையாம். எல்லோரும் எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

அவர் உள்ளே திரும்பிய நேரம் பார்த்துக் கந்தனுக்குக் கால் மரத்துப்போனது. லேசாக நீட்டினான். குதிகால் குக்கரின் வெயிட்டில் பட்டு, குழிக்குள்ளிருந்து உஸ்ஸென்று ஒரு விசில் கிளம்பியது.

"என்ன சத்தம் அது?"

"தறிங்க சார்," என்றான் கந்தன்.

"தறி விசிலடிக்குமா?"

"பட்டு நல்ல பட்டா இருந்தா அடிக்கும் சார்."

கோதண்டபாணி அதையும் குறித்துக்கொண்டார். அறை முழுக்க வீசிய துவரம்பருப்பு வாசனையைப் பற்றி அவர் கேட்கவில்லை. அது கேட்க வேண்டிய கேள்விகளில் இல்லை.

பரிசு இந்திராணிக்குத்தான். மேடையில் சால்வை போர்த்தினார்கள், மாலை போட்டார்கள். ரிப்பன் கட்டிய கிரைண்டரை நோக்கி அவள் கையை நீட்டியதும், கோதண்டபாணி அதைப் பதமாகப் பின்னால் நகர்த்தினார்.

"பொறுங்கம்மா. இதை உங்க வீட்டுக்குக் கொடுத்தா உங்க வீட்டுக்கு மின்சாரக் கருவி வந்துடும். வந்துட்டா உங்களுக்குத் தகுதி போயிடும். தகுதி இல்லாதவங்களுக்கு நான் எப்படிப் பரிசு கொடுப்பேன்?"

"அப்ப பரிசு யாருக்கு சார்?"

"உங்களுக்குத்தான். உங்க பேர்ல எங்க ஆபீஸ்ல பத்திரமா இருக்கும்."

இந்திராணி மாலையைக் கழற்றினாள். மைக்கைப் பிடித்து உண்மையைப் போட்டு உடைத்தாள். "மிக்ஸி, குக்கரு எல்லாமே எங்க வீட்ல இருக்குது சார். தறிக்குழியில ஒளிச்சி வெச்சிக்கினு இருக்கோம். மரபும் இல்ல, ஒண்ணும் இல்ல."

கோதண்டபாணி நெகிழ்ந்துபோய்ச் சொன்னார். "பார்த்தீங்களா, என்ன ஒரு தன்னடக்கம்!"

கைதட்டல் மண்டபத்தைத் தூக்கியது. எவர் வீட்டுக் குழி ரொம்ப நிறைந்திருந்ததோ அவர்கள்தான் ரொம்ப பலமாகத் தட்டினார்கள்.

அடுத்த மாதமே அந்தத் தெரு மரபுச் சமையல் வீதி ஆனது. சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்து கார்கள் வந்தன. அந்த இரண்டு நாளும் தெருவே தறியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது, ஒரு முழம் புடவைகூட நகரவில்லை. வந்தவர்கள் அத்தனை பேரும் கேட்டது ஆட்டுக்கல் மாவு இட்லி. ஒரு கல்லை வைத்துக்கொண்டு அத்தனை பேருக்கு யார் ஆட்டுவது? அலுவலகம் ஆழ்ந்து ஆலோசித்தது. கிரைண்டருக்குள் இருப்பதும் கல்தான், அந்த கிரைண்டர் இருப்பதும் ஆட்டுக்கல்லின் உரிமையாளர் பெயரில்தான். ஆகவே அதில் அரைபடும் மாவு ஆட்டுக்கல்லில் ஆட்டியதாகவே கருதப்படும் என்று ஆணை பிறந்தது.

அன்றிலிருந்து இந்திராணி, ஊறவைத்த அரிசியும் உளுந்துமாக அலுவலகத்துக்குப் போய் அரைத்துவிட்டு வருகிறாள். மாவுத் தூக்கைக் கந்தன் வண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருகிறான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, விருந்தாளிகள் போன பிறகு மிச்சமிருந்த இட்லியைக் கந்தன் சட்னியில் தோய்த்துச் சாப்பிட்டான். கண்ணை மூடிக்கொண்டு, "நீ இன்னா சொல்லு, ஆட்டுக்கல்லு மாவு ஆட்டுக்கல்லு மாவுதான்," என்றான்.

இந்திராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு தானும் ஒரு விள்ளல் பிட்டு வாயில் போட்டாள். மென்றாள். இன்னொரு விள்ளலும் போட்டுக்கொண்டாள்.

"ஆமாங்க," என்றாள். "நம்ம பழைய கிரைண்டர் மாவுல இந்த ருசி ஏது?"