டர்போவுக்கு ஒரு தூக்கு எண்ணெய்

"ஐயோ, அது என் தீபாவளிச் சேலை!"

காவேரி கத்தியபோது காரியம் கைமீறிப் போயிருந்தது. வாசலில் ஒரு வாளி. வாளியின் வாயில் நாலாக மடித்துக் கட்டிய ரோஸ் நிற மெல்லிய சேலை. அதன்மேல் புத்தம் புது இன்ஜின் ஆயிலை டின்னோடு கவிழ்த்துக்கொண்டிருந்தான் அவள் கணவன் மாதப்பன். சொந்தமாக ஒரு லாரி வைத்து, அதைத் தானே ஓட்டுகிறவன்.

"ஒரு தூசு இருக்கக் கூடாதுன்னு மெக்கானிக் கவுஸ் பாய் சொல்லியிருக்காருடி. வடிகட்டறேன்."

"அதுக்கு என் சேலைதான் கெடச்சுதா? உங்க வேட்டிக்கு என்ன வந்துச்சு?"

"வேட்டியில தூசு இருக்கே" என்றான் மாதப்பன், மிகவும் நியாயமாக.

இத்தனைக்கும் காரணம் ஓசூர் தக்காளி மண்டி முதலாளி நசீருதீன். தங்கமான மனிதர். யாரையும் முகத்துக்கு நேரே ஒரு சொல் சொல்ல மாட்டார். போன மாதம் மாதப்பனிடம், "கொஞ்ச நாள் போகட்டும்ணே, அப்புறம் பாக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, அவன் ஏற்றிக்கொண்டிருந்த கம்பைநல்லூர்த் தக்காளி லோடு முழுவதையும் இன்னொரு லாரிக்காரன் மாரப்பனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மாதப்பன் கேட்கிற ரகம் இல்லை, தானே கண்டுபிடிக்கிற ரகம். சூளகிரி மேட்டில் மாரப்பன் ஒருதரம் தன்னை முந்திக்கொண்டு போனது ஞாபகம் வந்தது. அவ்வளவுதான், விஷயம் விளங்கிவிட்டது. தன் வண்டிக்கு வேகம் போதவில்லை!

தக்காளி லோடு போனால் லாரியை விற்றுவிட்டு, இன்னொருத்தன் வண்டிக்கு டிரைவராகப் போக வேண்டியதுதான். பெங்களூர் பழைய சாமான் கடையில், ஏதோ வெளிநாட்டு மிஷினிலிருந்து கழற்றிய டர்போ ஒன்றை வாங்கினான். தருமபுரி மெக்கானிக் முகம்மது கவுஸிடம் அதை மாட்டக் கொடுத்தான். நசீருதீனின் கையைக் காலைப் பிடித்து, திங்கட்கிழமைக்குச் சோதனையாக ஒரே ஒரு லோடும் வாங்கிவிட்டான்.

கவுஸ் அன்றைக்கே படித்துப் படித்துச் சொன்னார்.

"இது இன்ஜினுக்குக் காத்தை அமுக்கிக் குடுக்கும்ணே. மேடு ஏற நல்லாத் தம் கெடைக்கும். ஆனா உள்ள இருக்கற சக்கரம் பேயாட்டம் சுத்தும். இந்தக் குட்டிப் பைப்புல ஆயில் வந்துக்கிட்டே இருக்கணும், சுத்தமா வரணும். உங்க இன்ஜின்ல இப்ப இருக்கறது ஆயில் இல்ல, கண் மை."

அந்தச் சுத்தத்துக்குத்தான் சேலை.

வடிகட்டிய ஆயிலை ஊற்றி வண்டியைக் கிளப்பியதும் டர்போ ஊளையிட ஆரம்பித்தது. தெருநாய்கள் பதில் சொல்லின. கவுஸ் பைப்பைக் கழற்றி ஊதினார். ரோஸ் நிறத்தில் ஒரு நூல் உருண்டை வந்து விழுந்தது.

"இது என்னண்ணே?"

"வூட்டு விஷயம் பாய், கேக்காதீங்க."

மாதப்பன் சும்மா இருப்பானா? சேலை வேண்டாம், ஃபில்டர் என்று முடிவு செய்தான். "அதிகமா மாட்டினா ஆயில் வரத்து கொறஞ்சிடும்ணே" என்று கவுஸ் சொன்னதைக் காதில் வாங்காமல், டிராக்டர் ஃபில்டர் ஒன்றும் அதற்குப் பின்னால் இன்னொன்றும் வாங்கி, அந்தக் குட்டிப் பைப்பில் தானே வரிசையாகக் கோத்துவிட்டான். ஆயில் அப்பழுக்கில்லாமல் இருந்தது, வரத்தான் இல்லை. காய்ந்துபோன டர்போ கக்கிய நீலப் புகையில், கொசு மருந்து அடிக்கிறார்கள் என்று எண்ணிச் சந்தையில் பாதிப் பேர் கடையைச் சுருட்டினார்கள்.

விடிந்தால் திங்கட்கிழமை. கவுஸ் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"பேசாமக் கழட்டிடலாம்ணே."

"கழட்டிட்டு எப்படி மாரப்பனை முந்தறது? பாய், இன்ஜின் ஆயிலையே நம்ப வேணாம். தனியா ஒரு தூக்குச் சட்டியில ஊத்தி, டியூப் போட்டு டர்போவுக்கு எறக்கிடுங்க. ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்தறாங்கல்ல, அப்படி!"

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் கவுஸ் அதையும் செய்து கொடுத்தார். கூடவே எச்சரித்தார்.

"தூக்கு டர்போவுக்கு மேல இருக்கணும், ஆடக் கூடாது. ஆடினா டியூப்புல காத்து பூந்துக்கும். ஆயில் தானா எறங்கறதால அமுக்கமும் கெடையாது, ஆக்சிலேட்டரை மிதிச்சீங்கன்னா டர்போ கருகிடும். தீரத் தீர ஊத்திக்கிட்டே இருங்க."

"வேகமாப் போகத்தான இதை மாட்டுனீங்க?" என்றாள் காவேரி.

"உனக்கு மிஷினு விஷயம் புரியாது. ஏறி உக்காரு. தூக்கைப் புடிக்க ஆள் வேணும்."

அப்படித்தான் திங்கட்கிழமை லாரி கிளம்பியது. பின்னால் கூடை கூடையாகத் தக்காளி. முன்னால் காவேரி, மடியில் தூக்கு.

"பள்ளம்! மெதுவா!"

"தெரியுதுடி."

"பிரேக்கைப் பையப் போடுங்க! எண்ணெய் தளும்புது!"

மாதப்பன் வாழ்நாளில் அப்படி வண்டி ஓட்டியதில்லை. தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் போடுவதைப் போல ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரத்தை இறக்கினான். கரும்பு டிராக்டர் முந்தியது. சைக்கிளில் ஐஸ் விற்கிறவன் முந்தியதோடு, திரும்பிப் பார்த்து மணியும் அடித்தான். சூளகிரி மேட்டில் மாரப்பனின் லாரி ஹாரன் முழங்க, தூக்கித் தூக்கிப் போட்டபடி பறந்து போனது. மாதப்பனின் கால் ஆக்சிலேட்டர் பக்கம் போய்த் திரும்பி வந்தது.

"போனாப் போறான். நாம வேற பொழப்பு பாத்துக்கலாம்" என்றாள் காவேரி, தூக்கிலிருந்து கையை எடுக்காமலே. அந்த ஒரு சொல்லுக்காகவே அவளுக்குப் புதுச் சேலை எடுத்துத் தர வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

மண்டிக்குள் நுழையும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மாரப்பன் சரக்கை எப்போதோ இறக்கிவிட்டிருந்தான். மாதப்பன் இறங்கி, குற்றவாளி போலத் தலையைத் தொங்கப் போட்டு நின்றான். நசீருதீன் கூடைகளை ஒவ்வொன்றாக இறக்கச் சொல்லி, அடிவரைக்கும் கைவிட்டுப் பார்த்தார். பிறகு முன்பக்கம் வந்து, காவேரியின் மடியிலிருந்த தூக்கையும் அதிலிருந்து போன டியூப்பையும் எட்டிப் பார்த்தார்.

"இது என்னண்ணே?"

"டர்போவுக்கு எண்ணெய்ங்க. புதுசா ஒரு மிஷினு மாட்டினேன். அதனாலதான் இவ்வளவு நேரமாயிடுச்சு..." மாதப்பன் தலையைச் சொறிந்தான்.

நசீருதீன் அவன் தோளைக் கட்டிக்கொண்டார்.

"நீங்க பறந்து வர்ற வேகத்துல பாதிக் கூடை சாறாப் போகுதுன்னுதாண்ணே உங்க லோடையே நிறுத்தினேன், இன்னைக்கு ஒரு பழம் நசுங்கல, வண்டிய இப்படி மெதுவா ஓட வைக்கிற மிஷினு எங்க கெடைக்குது சொல்லுங்க, மாரப்பன் வண்டிக்கும் ஒண்ணு மாட்டணும்!"