ஹெட்லைட்டை நானே பாத்துக்கறேன்

வீட்டுக்கு ஒருவர் என்று சொல்ல முடியாவிட்டாலும், தெருவுக்கு ஒருவராவது கட்டாயம் இருக்கிற ஓர் இனத்தைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. இவர்களுக்கு உத்தியோகம் வேறு, ஊர் வேறு, வயது வேறாக இருக்கலாம். வீட்டில் எது பழுதானாலும் வாயிலிருந்து வருகிற வாக்கியம் ஒன்றுதான்: "நானே பாத்துக்கறேன்." மிக்சி நின்றாலும், மோட்டார் தண்ணீர் ஏற்றாவிட்டாலும், வாஷிங் மெஷின் ஓடுகிறபோதே நகர்ந்து நகர்ந்து சமையலறை வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாலும், இவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்குரூடிரைவரோடு உட்கார்ந்து முதலில் எதையாவது கழற்றுவார். எதைக் கழற்றுகிறோம் என்பது அவ்வளவு முக்கியமில்லை. திரும்ப மாட்டியதும் ஒரு திருகாணி மிஞ்சும். அதை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு, கம்பெனிக்காரன் வேண்டாத இடத்திலெல்லாம் ஆணி அடித்திருக்கிறான் என்பார். பார்த்திருப்பீர்கள். பார்க்காமல் எங்கே போயிருப்பீர்கள்?

பெரம்பலூர் துறைமங்கலத்தில் குடியிருக்கும் கலைச்செல்வன் இந்த இனத்தில் நன்றாகத் தேறியவர். வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளர். போன வருஷம் திருச்சியில் யாரோ வைத்திருந்த காரை வாங்கினார். அந்தக் காரில் அவருக்குப் பிடித்தது சீட்டோ ஏசியோ இல்லை, ஹெட்லைட். டிக்கியில் கனம் ஏறினால் வண்டியின் மூக்கு தூக்கிக்கொள்ளும், வெளிச்சம் எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும் அல்லவா? அப்படி அடிக்காமல் விளக்கு தன்னைத் தானே தாழ்த்திக்கொள்ளும். பின்சக்கரத்துப் பக்கம் சின்னதாக ஒரு சென்சார் இருந்து கனத்தைப் பார்த்துச் சொல்லும். வீட்டுக்கு யார் வந்தாலும், காபி வருவதற்குள் இந்த விவரம் வந்துவிடும். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்களுக்கும் சொல்லியிருக்கிறார்.

ஒருநாள் மக்காச்சோளக் காட்டு வழியாகச் சேற்றில் வண்டியை விட்டு வீடு வந்து சேர்ந்தபோது, மீட்டருக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஒரு எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஹெட்லைட் படம் போட்டு, பக்கத்தில் மேலும் கீழும் அம்புக்குறி. அவர் மனைவி அனுசுயா அரியலூரில் ஒரு நல்ல ஒர்க்‌ஷாப் இருப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமை மீன்சுருட்டியில் தன் அண்ணன் மகள் நிச்சயதார்த்தத்துக்குப் போக வேண்டியிருப்பதால் அதற்குள் காட்டிவிடலாம் என்றும் சொன்னாள். கலைச்செல்வன் சிரித்தார். அந்தச் சிரிப்பை அனுசுயா வாஷிங் மெஷின் நாளிலிருந்தே அறிவாள்.

"அங்க போனா என்ன பண்ணுவான் தெரியுமா? லேப்டாப்ப மாட்டுவான், ஏதோ சொல்லுவான். அத நான் பாக்க மாட்டனா?"

பார்த்தார். முதலில் போனில் பார்த்தார். தமிழில் ஒருவர், இந்தியில் ஒருவர், என்ன பாஷை என்றே தெரியாத தாடிக்காரர் ஒருவர். தாடிக்காரர் பேசியது ஒன்றும் விளங்காததால் அவர் மேல்தான் இவருக்கு நம்பிக்கை அதிகம் வந்தது. அவர் காட்டியபடி ப்யூஸ் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஊதி, திரும்பச் செருகினார். மஞ்சள் விளக்கு அப்படியே எரிந்தது. ஆனால் ஜன்னல் கண்ணாடிகள் இறங்கிய இடத்தில் நின்றுவிட்டன. அன்று சாயங்காலம் மழை வேறு. திறந்த ஜன்னல்களுக்கு உரச்சாக்கைக் கட்டிவிட்டு வந்தவர், அது வேறு கோளாறு என்றார்.

மறுநாள் எதிர்வீட்டு முத்துசாமி வந்து சேர்ந்தார். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இந்த இனத்துக்கு ஒரு துணை இனம் உண்டு, தானாக எதையும் தொடாது, பக்கத்தில் நின்று காரணம் மட்டும் சொல்லும். முத்துசாமி அந்த வகை. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, எர்த் பிரச்சினை என்றார். அவருக்கு உலகத்தில் எல்லாமே எர்த் பிரச்சினைதான். அவர் மருமகள் கோபித்துக்கொண்டு போனபோதும் அநேகமாக அதையேதான் சொல்லியிருப்பார். இரண்டு பேருமாக பேட்டரி ஒயரைக் கழற்றி, துடைத்து, மாட்டினார்கள். கண்ணாடிகள் ஏறிக்கொண்டன. மஞ்சள் விளக்கு அசையவில்லை.

சனிக்கிழமை காலையில் கலைச்செல்வன் ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கி, கோணிப்பையை விரித்து, அடியில் போய்ப் படுத்தார். நியாயமாகச் சொல்ல வேண்டும். இந்தத் தடவை அவர் கண்டுபிடித்துவிட்டார். சென்சாருக்குப் போகிற ஒயரின் சொருகி முழுக்கச் சேறு. பழைய பல் தேய்க்கிற பிரஷ் கொண்டு வரச்சொல்லி, தேய்த்து, உலர்த்தி, சொருகினார். அதோடு எழுந்து வந்திருந்தால் இந்தக் கதையை நான் உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். ஆனால் இந்த இனம் சரியான இடத்தில் நின்றதாக எங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? சென்சாரையும் சக்கரத்துத் தாங்கியையும் இணைக்கிற விரல் நீளத் தண்டு ஒன்று ஆடுவதுபோல் அவருக்குப் பட்டது. அது ஆட வேண்டிய தண்டு. அதன் வேலையே ஆடுவதுதான். இவர் அதை ஸ்குரூடிரைவரால் நெம்பி இறுக்கப் போக, முனை ஒடிந்து கையோடு வந்தது.

கொஞ்ச நேரம் அடியிலேயே படுத்திருந்தார். பிறகு ஒயர் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டை ஒன்றை எடுத்து, தொங்கிய சென்சார் கையை அது இருந்த வாக்கிலேயே இழுத்துக் கட்டினார். எழுந்து வந்து சாவியைத் திருப்பினால், மஞ்சள் விளக்கு இல்லை. போயே போய்விட்டது.

அதாவது, வண்டியில் யார் ஏறினாலும், எதை ஏற்றினாலும், யாரும் ஏறவில்லை, ஒன்றும் ஏற்றவில்லை என்று சாட்சி சொல்லும்படி சென்சாரைக் கட்டிப்போட்டிருந்தார். பொய் என்றாலும் ஒழுங்காகச் சொல்லப்பட்ட பொய். வண்டி நம்பிவிட்டது. ஒடிந்த முனை கைலி மடிப்பில் இருந்தது. "முடிஞ்சுதா?" என்று அனுசுயா கேட்டபோது, "முடிஞ்சுது" என்றார். காலி வண்டியை முத்துசாமி வீட்டுச் சுவருக்கு முன் நிறுத்தி விளக்கைப் போட்டுக் காட்டினார். வெளிச்சம் விழ வேண்டிய உயரத்தில் விழுந்தது. எர்த் சரியானதும் எல்லாம் சரியாகிவிட்டது என்றார் முத்துசாமி.

ஞாயிற்றுக்கிழமை மாலை புறப்பட்டார்கள். முன்சீட்டில் அனுசுயா. பின்சீட்டில் அவள் சித்தி கலியம்மாளும், கலியம்மாளின் மருமகள்கள் இரண்டு பேரும். டிக்கியில் சீர்த்தட்டுகள், பழக்கூடைகள், மறுநாள் காலைச் சமையலுக்கென்று அனுசுயாவின் அண்ணன் கண்ணையன் கேட்டிருந்த சின்ன வெங்காய மூட்டைகள். வண்டி பின்னால் உட்கார்ந்து மூக்கைத் தூக்கிக்கொண்டு போனது. அரியலூர் தாண்டியதும் இருட்டத் தொடங்கியது. விளக்கைப் போட்டார்.

எதிரே வந்த சிமெண்ட் லாரி விளக்கை அணைத்து அணைத்துக் காட்டியது. பிறகு ஒரு பஸ். பிறகு ஒரு வேன், அதன் டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டி என்னவோ சொல்லிவிட்டுப் போனார். கலைச்செல்வனும் பதிலுக்கு அடித்துக் காட்டினார். இந்த ரோட்டில் ஒருவனுக்கும் டிம் பண்ணுகிற பழக்கம் கிடையாது, லைசென்ஸ் எப்படித்தான் வாங்குகிறார்களோ என்று ஜெயங்கொண்டம் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தார். கலியம்மாள் மட்டும், வருகிறவன் எல்லாம் நம்மைப் பார்த்தே ஏன் கண் சிமிட்டுகிறான் என்று பின்னாலிருந்து கேட்டாள்.

மீன்சுருட்டி நெருங்கும் இடத்தில், இரண்டு பக்கமும் நடவு வயல். எதிரே ஒரு பைக் வந்தது. ஓட்டி வந்தவர் ஒரு கையைத் தூக்கிக் கண்ணை மறைத்துக்கொண்டார். வெளிச்சத்தில் அந்த உள்ளங்கை வெள்ளையாகத் தெரிந்ததைக் கலைச்செல்வன் பார்த்தார். பைக் ஒரு பக்கம் வளைந்தது, இன்னொரு பக்கம் வளைந்தது. அப்புறம் ரோட்டில் யாரும் இல்லை.

வண்டியை நிறுத்தி இறங்கினார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். வயலுக்குள்ளிருந்து யாரோ முனகுகிற சத்தம் கேட்டது. வயலில் இறங்கி ஓடினார். நடுத்தர வயதுக்காரர், பட்டு வேட்டி சட்டையோடு முழங்கால் சேற்றில் உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டு பிசகியிருந்தது. வேறு ஒன்றும் இல்லை. கைகொடுத்துத் தூக்கி ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

"எவனோ ஒரு பய தம்பி, மூஞ்சில அடிச்சிட்டுப் போயிட்டான். ஒண்ணுமே தெரியல."

கலைச்செல்வன் வாயைத் திறந்தார். இந்தக் காலத்தில் யாருக்குத்தான் பொறுப்பு இருக்கிறது என்று அவர் தொடங்கப்போவது அனுசுயாவுக்குத் தெரிந்தது.

"நாங்கதாங்க" என்றாள். "எங்க வண்டி லைட்டுதான். இவங்களே ரிப்பேர் பண்ணாங்க. மன்னிச்சுக்குங்க."

விழுந்தவர் பெயர் பிச்சைமுத்து. அடுத்த நிமிஷமே தெரிந்துவிட்டது, மாப்பிள்ளையின் அப்பா. தட்டு மாற்றுகிற நேரத்துக்கு மாலை வரவில்லை என்று, யாரையும் நம்பாமல் தானே ஜெயங்கொண்டம் போய் வாங்கி வரக் கிளம்பியவர். கண்ணையன் ஆறு மாதமாக அலைந்து கூட்டி வந்த சம்பந்தம். பிச்சைமுத்து சேற்றைத் துடைத்தபடி காரின் முன்னால் போய் நின்று, கண்ணைச் சுருக்கி ஹெட்லைட்டைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஆட்டோ லெவலிங்கா?" என்றார் கடைசியில்.

"ஆமாங்க."

"ப்யூஸ் பாத்தீங்களா?"

"பாத்துட்டங்க."

"சென்சாரு?"

கலைச்செல்வன் தயங்கித் தயங்கி, தண்டு ஒடிந்ததையும் பட்டை போட்டுக் கட்டியதையும் சொன்னார். மனைவி பக்கம் திரும்பவே இல்லை. பிச்சைமுத்து தலையாட்டினார்.

"பட்டை நிக்காதுங்க. கட்டுக்கம்பில கட்டிருக்கணும். என் பைக்குக்கு பின் பிரேக்கு நான் அப்படித்தான் கட்டி வச்சிருக்கேன்."

அந்தப் பிரேக் வயலில் எப்படி வேலை செய்தது என்று யாரும் கேட்கவில்லை.

அவரையும் வண்டியில் நெருக்கி ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்ததும், மாலைக்கு வேறு ஆள் கிளம்பினான். மண்டபத்தில் பிச்சைமுத்துவின் மனைவி அவருக்கு வேறு வேட்டி கொடுத்து, கையில் துணியைச் சுற்றிவிட்டாள். எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டவர்களிடம், ரோடு சரியில்லை என்றார் அவர். கலைச்செல்வன் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டார். பந்தியில் இலை போட்டு எல்லாம் வைத்தார்கள், இவருக்கு இறங்கவில்லை. அந்த வெள்ளை உள்ளங்கைதான் கண்ணுக்கு முன்னால் நின்றது. திருந்திவிட்டார் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பாயசம் வரும் வரைக்கும்.

தட்டு மாற்ற நேரமாயிற்று, மாப்பிள்ளையின் அப்பாவைக் காணவில்லை. கண்ணையன் மாடி, சமையல்கட்டு, பின்வாசல் எல்லாம் தேடினான். அனுசுயா தேடவில்லை. நேரே கார் நின்ற இடத்துக்குப் போனாள். வண்டிக்கு அடியிலிருந்து நான்கு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மாற்றிக் கட்டிய வேட்டியிலும் மண். உள்ளே போன் வெளிச்சத்தில், கம்பியை இடமாகச் சுற்றுவதா வலமாகச் சுற்றுவதா என்று பிச்சைமுத்துவும் கலைச்செல்வனும் மரியாதையாக வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

"சாவியக் குடுங்க" என்றாள் அனுசுயா.

அடியிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து சாவியை நீட்டியது.

நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. அன்று ராத்திரி எல்லோரும் அங்கேயே தங்கினார்கள். மறுநாள் பகல் வெளிச்சத்தில் அனுசுயாவே வண்டியை ஓட்டி அரியலூர் ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டாள். அவர்கள் புதுத் தண்டு போட்டு, சுவருக்கு முன் நிறுத்தி, லேப்டாப்பை மாட்டி விளக்கின் உயரத்தைச் சரிபார்த்துக் கொடுத்தார்கள். கலைச்செல்வன் கண்ணாடிக்கு வெளியே நின்று முழுக்கப் பார்த்தார். திரும்பும் வழியில், அரியலூர் தாண்டியதும், அந்த மாதிரி லேப்டாப் ஆன்லைனிலேயே கிடைக்கிறது என்றார். அனுசுயா ரோட்டைப் பார்த்து ஓட்டினாள்.

இதைப் படித்துக்கொண்டு வந்தபோது உங்களில் சிலருக்கு ஒன்று தோன்றியிருக்கும். என்ன மனுஷன் இவன், ஒடிந்த முனையை நல்ல பசை போட்டு ஒட்டியிருந்தாலே நின்றிருக்குமே, இதற்குப் போய் அரியலூர் வரைக்கும் போவார்களா என்று. தோன்றியதா? நான் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் விசேஷத்துக்குப் புறப்படுகிற நாள் வந்தால், தயவுசெய்து எல்லோரையும் பஸ்ஸில் அனுப்பிவிடுங்கள். நீங்கள் மட்டும் காரில் வருவதென்றால், எந்த ரோட்டில் என்று எனக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அந்த ரோட்டில் எனக்கும் போக வர வேண்டியிருக்கிறது.